இலகுவும் பொறுப்பும்

ஒரு வேலையை இலகுவாகச் செய்து முடிக்கும் வழியைத் தேடுவது குற்றமாகுமா? இவ்வாறு ஒருவர் வினவினால் நாம் நகைப்போம். துலாவை விட்டு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வந்ததும், உரலை விட்டு ஆலைக்கு வந்ததும் இலகுவை நாடியேயாம். மனிதகுலத்தின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி, உடல்வருத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் முயற்சியின் வரலாறுதான் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கடந்த சில மாதங்களாக இவ்வினா என் மனத்தை விட்டு அகலாது நிற்கிறது. அதனை எழுப்பியது தத்துவ நூல் எதுவுமன்று. என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் வண்டியும், அதன் பிறேக் குழாய்களுக்குள் புகுந்துகொண்ட சிறிதளவு காற்றுமே.

வண்டி 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் வடிவமைப்பில், 1948 தொடக்கம் 1972 வரை இங்கிலாந்தில் ஏறத்தாழ 16 இலட்சம் உற்பத்தியான வகையைச் சேர்ந்தது. ஆசிரியராயிருந்த என் தந்தையார் கடன்பட்டு அதனை வாங்கினார். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயிலே புகைகக்கி ஓடிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. பின்னர், 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது. ஆகவே, மேனாடுகளில் பழைய வண்டியைப் பேணுவது ஓய்வுநேர இன்பமாக இருக்கலாம். எம்மவர் பலருக்கு அது வேறு வழியின்மையாகவே இருந்தது. வீட்டு முற்றத்திலே, உள்ள கருவிகளைக்கொண்டு, தம் கையாலேயே திருத்தவேண்டிய நிலை அவர்களுடையது.

அவ்வாறு செய்யும் வேலைகளுள் மிகச் சிறியதும் மிகச் சலிப்பூட்டுவதும், பிறேக்கிலிருந்து காற்றெடுப்பது. இதனைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டியுள்ளது. விளக்கினாலன்றி இதில் ஓர் அறப் பிரச்சினை எவ்வாறு பொதிந்துள்ளது என்பது புலனாகாது.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் பிரயோகிக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளுக்கும் குறைவின்றிச் செல்லும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலே பிளேஸ் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் தெளிவுபடுத்தினார். நீரியல் பிறேக்கின் அடிப்படை இதுவே. சாரதி பெடலை மிதிக்க, மாஸ்ரர் சிலிண்டரிலுள்ள முசலம் எண்ணெயைத் தள்ளும்; மெல்லிய குழாய்களின் வழியே அவ்வமுக்கம் நான்கு சில்லுகளையும் சென்றடையும்; அங்குள்ள சிறு முசலங்கள் பிறேக் சூக்களை உருளையோடு அழுத்தும். 1920களில் அமெரிக்காவிலே கார்களுக்கு வந்த இம்முறை, கம்பிகளாலும் கோல்களாலும் இழுத்த பழைய பிறேக்குகளை மெல்ல மெல்ல ஒதுக்கிற்று. ஒரே மிதி, நான்கு சில்லிலும் ஒரே அமுக்கம். எத்துணை அழகிய ஏற்பாடு!

ஆனால் இவ்வேற்பாடு முழுவதும் ஒரேயொரு நிபந்தனையில் தங்கியிருக்கிறது. குழாய்க்குள் திரவம் மட்டுமே இருத்தல் வேண்டும். திரவம் அமுக்கத்துக்குச் சுருங்குவதில்லை என்றே கூறலாம், காற்றோ சுருங்கும். வளிமண்டல அமுக்கத்திலுள்ள 5 மில்லிலீற்றர் காற்று, அதாவது ஒரு தேக்கரண்டியளவு காற்று, 20 மடங்கு அமுக்கத்தில் கால் மில்லிலீற்றராக ஒடுங்கிவிடும். பெடலை மிதிக்கும் கால் செய்த வேலையிற் பெரும்பகுதி இந்தத் தேக்கரண்டிக் காற்றைச் சுருக்குவதிலேயே கழியும். சில்லுக்குப் போய்ச்சேர எஞ்சுவது சொற்பம். பெடல் பஞ்சுபோல் உள்ளே அமிழும். அக்கால மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே தொடர்தான். ஒரு பாதி பழுதானால் மறு பாதி காப்பாற்றும் இரட்டை ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே ஒரு மூலையிற் புகுந்த காற்று நான்கு சில்லுகளின் வலிமையையும் தின்றுவிடும்.

காற்று புகாத வண்டியிலும் இவ்வேலையிலிருந்து தப்ப முடியாது. வழக்கமான பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டாலோ அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடும். தொடர்ந்து பிறேக் பிடித்துச் சூடேறும்போது நீர் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். இதனாலேயே இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் பழைய எண்ணெயை வெளியேற்றிப் புதியது நிரப்புமாறு கூறுகிறார்கள்.

காற்றெடுக்கும் பழைய முறைக்கு இருவர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் அமர்ந்து பெடலை மிதிக்கவேண்டும். மற்றவர் சில்லின் பின்னால் படுத்துக்கிடந்து, வீல் சிலிண்டரிலுள்ள நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மிதிப்பவர் பெடலை அமர்த்திப் பிடித்திருக்கும்போது நிப்பிள் திறக்கப்படும். எண்ணெயும் காற்றும் குமிழியிட்டு வெளிவரும். அது மூடப்பட்ட பின்னரே கால் எடுக்கப்படவேண்டும். ஒரு கணம் முந்தினாலும் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்கி மிகக் கிட்டியதில் முடிப்பது வழக்கம். எங்கள் ஊரிலே இத்தொழிலில் முதிர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்றே அழைப்பர். அவருடைய கொட்டிலைக் கடந்து செல்வோர், "அமத்து... பிடி... விடு" என்று மண்ணுக்குக் கிட்டவிருந்து எழும் குரலையும், "சரி அண்ணை" என்று வண்டிக்குள்ளிருந்து வரும் இளங்குரலையும் மாறிமாறிக் கேட்கலாம்.

அந்த இளங்குரல் யாருடையது என்பது சிந்திக்கத்தக்கது. கொட்டிலிலே அது எப்போதும் வயதிற் குறைந்த ஒரு பொடியனுடையது. வீடுகளிலே மனைவியினுடையது, அல்லது விளையாட்டிலிருந்து கூப்பிட்டு இருத்தப்பட்ட பிள்ளையினுடையது. வேலை முழுவதும் கீழே கிடப்பவருடையதாகவும், மேலே இருப்பவர் ஒரு கால் மட்டுமேயாகவும் கருதப்படுகிறார். பிழை நேர்ந்தால் ஏச்சு அவருக்கு. வேலை முடிந்தால் பெருமை மற்றவருக்கு. எதற்காக மிதிக்கிறோம், ஏன் பிடித்திருக்கவேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

நெசவு நாடா தானே நெய்யுமாயின் எசமானருக்கு அடிமைகள் வேண்டியிரார் என்ற கருத்தைப் பண்டைய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலிலே கூறிச் சென்றார். நடவாத ஒன்றாகவே அவர் அதனைக் கருதினார். நாடா தானே நெய்யும் காலம் வந்தது. அதனால் மட்டும் உழைப்பவன் விடுதலை பெற்றுவிடவில்லை என்பதையும் வரலாறு காட்டிற்று. எனினும் அவர் கூறியதில் ஓர் உண்மை உண்டு. ஒரு மனிதனை வெறும் கருவியாகப் பயன்படுத்தும் வேலை எதுவோ, அதற்கு உண்மையான ஒரு கருவியைக் கண்டுபிடிப்பது அறத்துக்கு ஏற்புடைய செயலே. அந்தவகையில், தனியொருவரே காற்றெடுத்துவிடுவதற்கென ஏற்பட்டுள்ள உபாயங்களை நான் வரவேற்கவே செய்கிறேன்.

அவ்வுபாயங்கள் பலதிறத்தன. மிக எளியது ஒரு போத்தலும் கண்ணாடிபோன்ற ஒரு ரியூப்பும். ரியூப்பின் ஒரு முனையை நிப்பிளில் இறுகச் செருகி, மறுமுனை போத்தலிலுள்ள எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கச் செய்து, நிப்பிளைச் சிறிது திறந்துவிட்டு ஒருவரே மெல்ல மிதிக்கலாம். கால் எடுக்கும்போது உள்ளே திரும்பி வருவது காற்றன்று, எண்ணெயே. ஒரு திசையில் மட்டும் வழிவிடும் வால்வு பொருத்திய ரியூப் இதனினும் நம்பத்தக்கது. வேறொன்று, மேலதிகச் சில்லின் ரயரிலுள்ள காற்றைச் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலுக்கும் குறைவாக இறக்கி, அதன் அமுக்கத்தால் மேலேயிருந்து புதிய எண்ணெயைத் தள்ளுவது. பெடலில் கால் வைக்கவே வேண்டியதில்லை; நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாற் போதும். மொறிஸ் மைனருக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். ஏனெனில் அதன் எண்ணெய்த் தொட்டி முன்மூடிக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழே, ஒரு சிறு மூடியைக் கழற்றினால்தான் தெரியும். சில்லுக்கும் தரைக்குமாக ஒருவரே எழுந்தும் படுத்தும் அலையும்போது அத்தொட்டி வற்றிவிட்டதைக் கவனியாது விட்டால், மேலேயிருந்து காற்று புகுந்து, அதுவரை செய்த வேலை அத்தனையும் வீணாகும்.

நிப்பிளிலிருந்து எண்ணெயை உறிஞ்சியெடுக்கும் கைப்பம்பியும் உண்டு. அன்றியும், ஊசிக்குழலால் கீழேயிருந்து எண்ணெயை மேல்நோக்கிச் செலுத்தும் முறையும் உண்டு. குமிழிகள் இயல்பாகவே மேலெழும் தன்மையன ஆதலால் இது இயற்கையோடு ஒத்துப்போவது. ஒன்றும் செய்யாது நிப்பிளைத் திறந்துவைத்து எண்ணெய் தானே சொட்டுமளவும் காத்திருப்பதும் ஒரு முறையே. பொறுமையுள்ளவர்க்கு அது பயன்தரும்.

இவற்றோடு பெரியண்ணை சொல்லித்தந்த சிறு நுட்பங்கள் சில உள. காற்றெடுக்கத் தொடங்குமுன் நான்கு சில்லுகளிலும் பிறேக் சூக்களை உருளையோடு முட்ட இறுக்கிவிட்டால் முசலங்கள் நகரும் தூரம் குறையும். பெடலில் இருக்கும் மென்மை காற்றினாலா, சூக்களின் தேய்வினாலா என்ற மயக்கமும் தீரும். வேலை முடிந்ததும் மறவாமல் மீண்டும் தளர்த்தவேண்டும். பழைய மாஸ்ரர் சிலிண்டரிலே முசலம் வழக்கமாக ஓடாத அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கும்; பெடலைத் தரைவரை மிதித்தால் இறப்பர் அத்துருவில் உராய்ந்து கிழியும். ஆகவே பெடலின் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வது நன்று. வேகமாக மிதித்தால் காற்று எண்ணெயோடு கலந்து நுரைக்கும்; நுரையைப் பிடிக்க முடியாது. மெல்ல மிதிப்பவனே விரைவில் முடிப்பான்.

ஆயின், எந்த இலகுவும் விலையில்லாமற் கிடைப்பதில்லை. உறிஞ்சும் பம்பி நிப்பிளின் மரையிடுக்கு வழியாக வெளிக்காற்றையும் இழுக்கும். ரியூப்பிலே ஓயாது தோன்றும் குமிழிகள் உள்ளிருந்து வருவனவா, வெளியிலிருந்து வருவனவா என்று அறிய முடியாது. அமுக்கத்தால் தள்ளும் முறையில் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் எண்ணெய் சீறியடித்து வர்ணத்தைக் கரைத்துவிடும். சிலிக்கன் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது, வர்ணத்தையும் கெடுக்காது. ஆனால் நுண்ணிய குமிழிகளைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு தொல்லையை நீக்குவது இன்னொன்றை உடன் அழைத்துவருகிறது.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் தவறினேன். அதனைக் கூறுவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடப்பக்கப் பின்சில்லின் சிலிண்டரிலே எண்ணெய் கசிவதைக் கண்டு, அதன் இறப்பர்களை மாற்றினேன். பின்னர் கைப்பம்பியை எடுத்துக்கொண்டு, எவருடைய உதவியும் வேண்டாது, காற்றெடுக்க முனைந்தேன். அந்தச் சில்லின் நிப்பிள் துருப்பிடித்து அசைய மறுத்தது. மேலும் திருகினால் முறியும். முறிந்தால் புதிய சிலிண்டர் தேடவேண்டும். மற்ற மூன்று சில்லுகளிலும் வேலை முடிந்திருந்தது. பெடலை மிதித்துப் பார்த்தேன். முதல் மிதியில் அமிழ்ந்தது. உடனே இரண்டாம் முறை மிதித்தபோது பிடித்தது. மாலையாகிவிட்டது, கைகள் கறுத்திருந்தன, முதுகு நொந்தது. 'இரண்டு முறை மிதித்தாற் பிடிக்கிறதுதானே. அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று என் மனம் எனக்குக் கூறிற்று. நான் அதனை ஏற்றுக்கொண்டேன். காற்று எந்தச் சில்லிலே புகுந்திருக்கக் கூடுமோ அந்தச் சில்லையே விட்டுவிட்டு எழுந்தேன் என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது.

மறுநாட் காலை, பாடசாலைக்குச் செல்லும் நேரம். ஓர் ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் தெருவுக்கு ஏறினான். மிதித்தேன். பெடல் தரையோடு போயிற்று. மீண்டும் மிதித்தேன், கைப்பிறேக்கையும் இழுத்தேன். வண்டி நின்றபோது அவனுடைய பின்சில்லுக்கும் என் வண்டியின் முன்தடுப்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளியே இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். தனக்கு வழிவிடுவதற்காக நான் நிறுத்தியதாக எண்ணினான் போலும். தலையசைத்து நன்றி தெரிவித்துச் சிரித்துவிட்டுப் போனான்.

அச்சிரிப்பு என்னைச் சுட்டது. நான் அன்று விரைவாகச் செல்லவில்லை. அதனாலேயே அவன் தப்பினான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். இரண்டாம் முறை மிதிப்பதற்கு ஆகும் அந்த ஒரு செக்கன், ஞாயிறு மாலையில் எனக்கு ஒரு சிறு சலுகையாகத் தோன்றியது. திங்கட் காலையில் அது இன்னொருவரின் பிள்ளையினுடைய உயிராக இருந்தது.

இங்கேதான் நாம் கருதவேண்டிய வேறுபாடு புலப்படுகிறது. கைப்பம்பியைக் கையிலெடுத்தபோது நான் இலகுவாக்கியது என் உழைப்பை. துருப்பிடித்த நிப்பிளை விட்டெழுந்தபோது நான் இலகுவாக்கியது என் பொறுப்பை. முன்னையதால் எவருக்கும் தீங்கில்லை. என் முதுகும், உதவிக்கு அழைக்கப்பட்டிருக்கக்கூடியவரின் பொழுதும் மிஞ்சின. பின்னையதில் மிஞ்சிய வருத்தமோ மறைந்துபோகவில்லை, இடம் மாறிற்று. நான் சுமக்கவேண்டிய சுமையை, என்னைக் கேளாமல், என்னை அறியாமல், அச்சிறுவன் சுமந்தான். இரண்டு செயல்களும் ஒரே மாலையில், ஒரே கையால், 'இலகு' என்ற ஒரே பெயரில் நிகழ்ந்தன. அதனாலேயே ஒன்று மற்றொன்றாக மாறிய கணத்தை நான் கவனிக்கவில்லை.

வருத்திச் செய்வதே சிறந்த வேலை, கருவி வந்ததும் ஒழுக்கம் கெட்டது என்பார் சிலர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. இருவர் சேர்ந்து செய்த காலத்திலும் அரைகுறையாகச் செய்தோர் இருந்தனர். உடல்வருத்தம் தன்னளவில் அறமாகாது. அவ்வாறு போற்றுவோர் பெரும்பாலும் பிறரை வருத்தியே பழகியவர்கள். நிப்பிள் அசையாதது கருவியின் குற்றமன்று. அசையாத இடத்தில் நின்று, 'இனி இவ்வண்டி தெருவுக்குப் போகாது' என்று சொல்லவேண்டியவன் நான்.

இன்னும் சிலர், 'என் வண்டி, என் துணிவு, இதில் பிறர்க்கென்ன?' என்பர். பழைய வண்டிகளை நேசிப்போரிடையே இக்குரல் அடிக்கடி கேட்கும். வண்டியின் மற்றப் பகுதிகளைப் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயம் உண்டு. எஞ்சின் பழுதானால் உரிமையாளர் வெய்யிலில் நிற்பார். கூரை ஒழுகினால் உரிமையாளர் நனைவார். பிறேக் அவ்வாறானதன்று. அது தவறும்போது முதலிற் பலியாவோர் நடந்து செல்வோரும், சைக்கிளில் செல்வோரும், மதிலோரம் நிற்கும் முதியோருமே. இரும்புக் கூட்டினுள் இருப்பவனுக்குக் காப்பு உண்டு, அவர்களுக்கு இல்லை. தெருவிலே வண்டியில்லாதவர் வண்டியுள்ளவரிடம் தம் உயிரை ஒவ்வொரு கணமும் ஒப்படைத்தபடியே நடக்கின்றனர். அந்த ஒப்படைப்புக்கு அவர்கள் பெறும் ஈடு எதுவுமில்லை. வண்டியுள்ளவன் இலகுவை நாடும்போது இவ்வேற்றத்தாழ்வை மறப்பானாயின், அவன் திறமை எத்தகையதாயினும் அது ஒரு வர்க்கத்தின் அலட்சியமே.

அப்படியாயின் இவ்வேலையை வீட்டிலே செய்யாது தொழிலாளரிடமே விட்டுவிடலாகாதா என்று கேட்கலாம். பணமுள்ளோர் அவ்வாறு செய்யலாம். ஆனால் கூலி கொடுத்ததும் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று எண்ணுவதும் ஒரு பிழையே. குழாய்க்குள் இருக்கும் காற்று வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாது, கொட்டிலிலும் தெரியாது. செய்தவன் சொன்னாலன்றி அது செய்யப்பட்டதா என்று எவரும் அறியார். இதனைப் பெரியண்ணையிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, கண்ணுக்குத் தெரியிற வேலையை ஆரும் ஒழுங்காச் செய்வினம். உந்தக் காத்து வேலையிலதான் ஆளைத் தெரியும்" என்றார்.

அவரும் பொடியனாக இருந்து பெடல் மிதித்தவரே. அவருக்குத் தொழில் கற்பித்தவர், மிதிக்கும்போது காலடியில் என்ன உணர்கிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். பஞ்சுபோல் இருந்தால் காற்று. மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு. இரண்டாம் மிதியில் உயர்ந்தால் காற்றோ, சூக்கள் தளர்ந்திருப்பதோ. "காலாலதான் நான் தொழில் படிச்சனான்" என்று அவர் கூறியபோது, நான் முன்னர் எண்ணியது முழு உண்மையன்று என்பதை உணர்ந்தேன். இருவர் வேண்டும் என்ற நியதி ஒருவரைக் கருவியாக்கவும் கூடும்; ஒருவரை மாணவராக்கவும் கூடும். காரணத்தைச் சொல்கிறோமா, இல்லையா என்பதிலேயே அது தங்கியிருக்கிறது. அன்றியும், இருவர் செய்யும்போது ஒருவருக்கு மற்றவர் சாட்சியாகிறார். தனியே செய்பவன் கருவியை வாங்கலாம். சாட்சியை வாங்க முடியாது. அவ்விடத்தைத் தானே நிரப்பவேண்டும்.

இன்னொன்றையும் கூறாதுவிட முடியாது. வெளியேற்றிய பழைய எண்ணெயை என்ன செய்வது? மதிலோரம் ஊற்றிவிடுவதே இலகு. ஆனால் யாழ்ப்பாணத்தின் நிலத்தடியிலே இருப்பது சுண்ணக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகளின் வழியே கிணறுகளைச் சென்றடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததனால் மக்கள் பட்ட துயரை நாம் கண்டவர்கள். ஒரு போத்தல் எண்ணெய் சிறிதுதான். ஆயின் வருத்தத்தை இடம்மாற்றும் அதே பிழைதான் இதுவும். நான் அதனை மூடியிட்டு வைத்து, பெரியண்ணை கழிவெண்ணெய் சேர்க்கும் பீப்பாவின் அருகில் வேறாகக் கொடுத்துவிடுகிறேன்.

அச்சம்பவத்தின் பின் வண்டியை வீட்டுக்கு மெல்ல உருட்டி வந்து, சில்லைக் கழற்றினேன். நிப்பிள் நான் அஞ்சியவாறே முறிந்தது. புதிய சிலிண்டர் கிடைக்கப் பதினொரு நாட்கள் சென்றன. அதுவரை பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வந்தேன். பின்பு காற்றெடுக்கும்போது பம்பியை வைத்துவிட்டு அயல்வீட்டுப் பெண்பிள்ளையை அழைத்தேன். உயர்தர வகுப்பிலே பௌதிகம் படிப்பவள். பாஸ்கலின் விதியை அவள் எனக்குச் சொன்னாள். நிப்பிளையும் காற்றையும் நான் அவளுக்குக் காட்டினேன். வேலை முடிந்தது என்று நான் எழுந்தபோது, "இல்லை மாமா, இன்னும் கொஞ்சம் பஞ்சுமாதிரித்தான் இருக்கு" என்றாள். வலப்பக்க முன்சில்லில் மேலும் இரண்டு குமிழிகள் வந்தன. அதன் பின்னரும் வெறுந்தரையொன்றிலே பத்து முறை ஓட்டி நிறுத்திப் பார்த்த பின்பே தெருவுக்கு எடுத்தேன்.

அடுத்த முறை நான் தனியே, ரயர்க் காற்றின் உதவியோடு செய்யவும் கூடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுந்து கைகழுவுமுன் ஒரு கேள்வியை என்னிடம் கேட்டுக்கொள்வேன்: இன்று நான் மிச்சம்பிடித்த வருத்தம் எங்கே போயிற்று? அது உண்மையாகவே இல்லாமற் போயிற்றா, அல்லது இன்னொருவர் தலையில் ஏறிற்றா?

இக்கேள்வி பிறேக்குக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு மின்னிணைப்புச் செய்பவரும், மருந்தை அளந்து கொடுப்பவரும், பாலத்துக்குக் கொங்கிறீற்று இடுபவரும், எவரும் காணாத ஓரிடத்தில், களைத்துப்போன ஒரு மாலையில், இதனை எதிர்நோக்குகின்றனர். விஞ்ஞானம் அவர்களுடைய வருத்தத்தை இன்னும் குறைக்கட்டும். உழைப்பவர் முதுகு நிமிரட்டும். அந்த இலகுவை நாம் கேட்டுப் பெறவேண்டும். மற்ற இலகுவை, எவரும் பாராதபோதும், நாமே மறுத்துவிடவேண்டும். தெருவிலே அந்தச் சிறுவன் இன்றும் சைக்கிளில் போகிறான். அவனுக்கு இவை எதுவும் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. தெரிந்திருக்கவேண்டியவர்கள் நாமே.